வைத்தியரிடம் வாய் திறப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டு விழா மேடையில் பேசுவதற்கு எத்தனையோ அழகான பொருள்கள் உண்டு. தாய்மொழியின் இனிமையைப் பற்றிப் பேசலாம். வாலிபரின் கடமையைப் பற்றிப் பேசலாம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மலச்சிக்கல். தலைப்பு என்னவென்று செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, 'உடல் நலம்' என்று போட்டுக்கொள்ளலாமே" என்றார். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஏனெனில், அந்தக் கூச்சந்தான் இன்று நான் பேச வந்த பொருள். நோயைவிட, நோயை வாய்விட்டுச் சொல்ல நாம் படும் வெட்கமே நம்மை அதிகமாய்க் கெடுக்கிறது என்பதே என் கட்சி.

முதலில் என் கதையையே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மிஷன் பாடசாலையின் விடுதியில் தங்கிப் படித்தவன். தமிழும் ஆங்கிலமும் ஒழுக்கமும் அங்கே கற்றுக்கொண்டேன். ஆனால் காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் சில கக்கூசுகளின் முன்னே வரிசையில் நிற்க வேண்டும். பின்னால் நிற்பவன் கதவைத் தட்டிக்கொண்டேயிருப்பான். பன்னிரண்டு வயதுப் பையனாகிய நான், "பிறகு போகலாம்" என்று அடக்கப் பழகிக்கொண்டேன். நாலைந்து நாட்கள் அப்படியே கழியும். ஒரு நாள் வயிறு கல்லாகி, முகம் வாடி நின்ற என்னைக் கண்ட விடுதி அம்மா, "என்ன செய்கிறது?" என்று அன்போடுதான் கேட்டார். "தலைவலி" என்றேன். இரண்டு பனடோல் கிடைத்தன. வயிற்றுக்கு வந்த நோய்க்குத் தலைக்கு மருந்து வாங்கிய அந்த வித்தையை நான் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தேன். இச்சபையில் இருக்கும் பலரும் அதைச் செய்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். கை உயர்த்தும்படி கேட்கமாட்டேன்!

இது சிரிப்போடு முடிகிற கதை. சிரிக்க முடியாத கதை ஒன்றும் எங்கள் வீட்டிலேயே உண்டு. என் பெரியப்பா இறப்பர் மலையிலே பால் வெட்டியவர். காலைக் குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாய் வடியும். ஆகவே விடியுமுன்னே கத்தியும் வாளியுமாய்ப் புறப்பட்டுவிடுவார். அவருக்கு ஐம்பது வயது கடந்தபின் மலச்சிக்கல் வந்தது. சில நாட்கள் இறுகும். சில நாட்கள் இளகும். பின்னர் இரத்தமும் கண்டது. "மூலச் சூடு" என்று தாமே தீர்மானித்துக்கொண்டு விளக்கெண்ணெயும் கடுக்காயும் சாப்பிட்டார். வேட்டியில் பட்ட இரத்தத்தைப் பெரியம்மாவுக்கும் தெரியாமல் தாமே பீலிக்கரையில் அலசினார். இப்படி இரண்டு ஆண்டுகள். மெலிந்து, வெளுத்து, மலை ஏற முடியாமற் போனபின்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து மஹரகமைக்கு அனுப்பினார்கள். குடலிலே புற்றுநோய் முற்றியிருந்தது. "இதை முதலிலேயே காட்டியிருக்கக்கூடாதா?" என்று வைத்தியர் கேட்டபோது, பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எப்படிங்க சொல்றது?" என்றார். அந்த இரண்டு சொற்களை நான் மறக்கவில்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மலச்சிக்கல் உள்ள நூறு பேரை நிறுத்தினால் அவர்களில் மிகமிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இராது. எனினும், அந்த ஒருவர் யார் என்பதை நாமாகத் தீர்மானிக்க முடியாது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் இந்நோயையும் பெரும்பாலும் குணப்படுத்தலாம். பெரியப்பாவுக்கு மருந்து இல்லாமற் போகவில்லை. காலம் இல்லாமற் போயிற்று. அந்தக் காலத்தை எடுத்துக்கொண்டது வெட்கம்.

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளிலே வள்ளுவர் வைத்தியத்தை நான்கு பகுதியாக வகுக்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்பன அவை. நோயாளியை அவர் முதலிலே வைத்திருப்பதைக் கவனியுங்கள். நோயாளி வாய் திறவாவிட்டால், கட்டிலின் ஒரு கால் முறிந்ததுபோல, மற்ற மூன்றும் நின்றும் பயனில்லை. நான்காவது காலாகிய "அருகிருப்பவர்" பற்றிப் பிறகு வருகிறேன். அங்கேதான் நம்மைப் போன்ற வாலிபர்களின் குற்றம் இருக்கிறது.

பெரிய மனிதர்கள் இவற்றைப் பேசுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். மகாத்மா காந்தி பேசினார், எழுதவும் செய்தார். அவருடைய 'சத்திய சோதனை' 1925ஆம் ஆண்டு முதல் 'நவஜீவன்' பத்திரிகையில் தொடராக வெளிவந்தது. தென்னாபிரிக்காவில் வாழ்ந்த காலத்தில் தமக்கு மலச்சிக்கலும் தலைவலியும் இருந்ததை அதிலே மறைக்காமல் எழுதியிருக்கிறார். பேதி மருந்து உண்டதையும், காலை உணவை விட்டுப் பார்த்ததையும், வயிற்றிலே ஈர மண்ணைக் கட்டிப் படுத்ததையும் சொல்கிறார். பின்னாளில் ஆசனவாயில் ஏற்பட்ட வெடிப்பினால் மலம் கழிக்கும்போது பொறுக்க முடியாத வலி உண்டாகி, உண்பதற்கே அஞ்சியதையும் எழுதுகிறார். வைத்தியரையும் மருந்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் அவர். எனினும் 1919 ஜனவரியில் பம்பாயில் டாக்டர் தலாலிடம் சத்திர சிகிச்சைக்கு உடன்பட்டார். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து, நம் முன்னோர் அவரைக் காணத் திரண்டபோது, அந்தச் சுயசரிதை தொடர்ந்து வெளிவந்துகொண்டுதான் இருந்தது. அவர் கட்டிய மண்ணை நீங்களும் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாடெல்லாம் வாசிக்கும் பத்திரிகையிலே அவர் சொல்லத் துணிந்ததை, கதவு சாத்திய அறையிலே ஒரே ஒரு வைத்தியரிடம் நாம் சொல்லக்கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

இனி, நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். நாளுக்கு மூன்று முறை போகிறவரும் உண்டு. வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் உண்டு. இரண்டுமே இயல்பாக இருக்கலாம். வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, மிகவும் முக்க வேண்டியிருப்பது, மலம் உருண்டை உருண்டையாய் இறுகியிருப்பது, போய் வந்தும் முழுவதும் போகாததுபோல் இருப்பது ஆகியவை மலச்சிக்கலின் அடையாளங்கள். இவை மாதக் கணக்கில் நீடித்தால் அதுவே தீராத மலச்சிக்கல்.

இது ஏன் வருகிறது? பெருங்குடலின் வேலைகளில் ஒன்று, மலத்திலுள்ள நீரை உறிஞ்சுவது. அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு மலம் காய்ந்து இறுகும். காலையில் ஏதேனும் உண்டதும் குடல் தானாகவே அசையத் தொடங்கி, வெளிக்குப் போகும் உணர்ச்சியைத் தரும். இது இயற்கையின் ஏற்பாடு. நம் தோட்டத்து வாழ்க்கையின் ஏற்பாடோ வேறு. இயற்கை அழைக்கும் அந்த நேரத்தில் நம் தந்தைமார் இறப்பர் மலையில் நிற்கிறார்கள். நம் தாய்மார் பிரட்டுக் களத்தைக் கடந்து கொழுந்து மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பல மலைகளில் கக்கூசு இல்லை. அட்டையும் பாம்பும் உள்ள புதரோரம் ஒதுங்க எந்தப் பெண்பிள்ளைக்கு மனம் வரும்? ஆகவே அடக்குகிறார்கள். அதற்காகவே தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் கோதுமை மா ரொட்டி, சம்பல், சாயத் தண்ணீர். வெள்ளைக் கோதுமை மாவில் தவிடு போய்விட்டது. அதனுடன் பெரும்பகுதி நாரும் போய்விட்டது. மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? ஆகவே, எட்டியாந்தோட்டையிலிருந்து இறக்குவானை வரை, தெரணியகலையிலிருந்து பலாங்கொடை வரை, இந்த நோய் கண்ட ஒரு தொழிலாளியும் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை. வேலையும் வசதியின்மையும் தந்த நோய்க்கு நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?

இவை தவிர வேறு காரணங்களும் உண்டு. அவற்றைக் கண்டறியத்தான் வைத்தியர் வேண்டும். தைரோயிட் சுரப்பி மந்தமானால் மலம் சிக்கும். நீரிழிவினாலும் சிக்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும், வலிக்குத் தரும் சில மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். அதற்காக அம்மாத்திரையை இரகசியமாய்க் கூரையில் செருகிவிடக்கூடாது. வைத்தியரிடமோ குடும்ப நல மருத்துவ மாதிடமோ சொன்னால் வழி செய்வார்கள். கர்ப்பிணிகள் தாமாக விளக்கெண்ணெய் குடிப்பது ஆபத்து என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"வைத்தியரிடம் போனால் என்ன செய்வாரோ?" என்ற அச்சமும் நம்மைத் தடுக்கிறது. அவர் செய்வதைச் சொல்கிறேன். எத்தனை நாளாக, எத்தனை நாளுக்கு ஒரு முறை, இரத்தம் உண்டா, உடல் மெலிந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். மலத்தின் தன்மையை வகைப்படுத்திக் காட்ட 1997ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வைத்தியர்கள் ஒரு படத்தை வெளியிட்டார்கள். ஏழு வகைகள் அதில் வரையப்பட்டிருக்கும். விரலால் தொட்டுக் காட்டினாற் போதும்.  பிறகு வயிற்றை அழுத்திப் பார்ப்பார். தேவையானால் கையுறை அணிந்து ஆசனவாயைப் பரிசோதிப்பார். அது பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. பெண்கள், பெண் தாதி ஒருவர் அருகில் இருக்கவேண்டுமென்று கேட்கலாம். இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். மலப் பரிசோதனை என்றால் முகஞ்சுளிக்க வேண்டாம். 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ராக்பெல்லர் நிதியத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, தொழிலாளரின் மலத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துத்தான் நோயைக் கண்டார்கள். நம் பாட்டன் பாட்டிமார் கொடுத்த காரியம் அது. நமக்கு மட்டும் என்ன புதிய வெட்கம்?

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? இங்கேதான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா காலமானதற்கு அடுத்த ஆண்டு, பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தேன். அம்மாவுக்குச் சில மாதங்களாக உடம்பு சரியில்லை. முகம் வீங்கி, எப்போதும் குளிர்கிறது என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சோர்ந்து கிடந்தார். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். துண்டு எடுத்து, வரிசையில் நின்று, உள்ளே போனோம். வைத்தியர் ஓர் இளம் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போதுமான அளவுதான். நான் நடுவிலே நின்று மொழிபெயர்த்தேன். எல்லாம் நன்றாய்த்தான் போயிற்று. பிறகு அவர், "வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். என் நாக்கு எழவில்லை. பெற்ற தாயிடம் மகன் இதை எப்படிக் கேட்பது? "சாப்பாடெல்லாம் ஒழுங்கா இறங்குதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "இறங்குதுப்பா" என்றார் அம்மா. "ஒழுங்காகப் போகிறதாம்" என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

சபையோரே! அன்று பொய் சொன்னது நோயாளியல்லர், அருகிருந்தவன். படித்த மகன். பெரியப்பாவின் சிதையருகே நின்று அழுத அதே மகன்.

மருந்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்தோம். பஸ் நின்றுகொண்டிருந்தது. "எப்படிங்க சொல்றது?" என்ற குரல் அப்போது என் காதில் கேட்டது. அம்மாவை அங்கேயே ஒரு பலகையில் உட்காரவைத்துவிட்டு நான் திரும்பி ஓடினேன். வரிசை குறையும்வரை காத்திருந்து, வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. தமிழ் தெரிந்த ஒரு பெண் ஊழியரை அழைத்தார். அம்மாவை உள்ளே அழைத்துவரச் செய்து, என்னை வெளியே நிற்கச் சொன்னார். ஏறக்குறையப் பத்து நிமிடம் அம்மா உள்ளே பேசினார். என்ன பேசினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. இரத்தப் பரிசோதனையில் தைரோயிட் குறைபாடு தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை; அவ்வளவுதான். சில மாதங்களில் முகத்தின் வீக்கம் வற்றியது, வயிறும் சரியாயிற்று. அம்மாவின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவரும் இச்சபையில் இருக்கிறார். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்!

அன்றுதான் ஒன்று எனக்கு விளங்கியது. நம் மக்கள் வைத்தியருக்கு முன்னால் அவ்வளவு வெட்கப்படுவதில்லை. மகனுக்கு முன்னால், மருமகளுக்கு முன்னால், பக்கத்துக் காம்பராக்காரருக்கு முன்னால் வெட்கப்படுகிறார்கள். வியாதி லயத்தில் பரவுவதற்குமுன் பேச்சுப் பரவிவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஆகவே, நோயாளியைப் பார்த்து "வெட்கப்படாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. கேட்பவர்கள் திருந்த வேண்டும்.

சொல் இல்லை என்றும் நாம் சாக்குச் சொல்ல முடியாது. 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார்; உடற்கூறு, சத்திர வைத்தியம், பிரசவ வைத்தியம் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் கூசாமல் தமிழில் சொன்னதைத் தமிழராகிய நாம் சொல்லக்கூடாதா? சிங்கள வைத்தியரிடமும் வழி எளிது. நம் பெரியோர் 'மலபந்தம்' என்பார்கள். சிங்களத்தில் 'மலபத்தய' என்பார்கள். ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். அந்த ஒரு சொல்லையும், எத்தனை நாள் என்ற எண்ணையும், சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் துண்டுக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாற்கூடப் போதும்.

எப்போது தாமதிக்காமல் போக வேண்டும்? மலத்தில் இரத்தம் கண்டால், காரணமின்றி மெலிந்தால், உடம்பு வெளுத்துச் சோர்ந்தால், ஐம்பதை ஒட்டிய வயதில் மலப்பழக்கம் புதிதாய் மாறி வாரக்கணக்கில் நீடித்தால், குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்றுநோய் இருந்திருந்தால் உடனே காட்ட வேண்டும். வயிறு ஊதி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால் அது அவசர நிலை. அப்போது விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கக்கூடாது. 1990 என்ற எண்ணை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாய் வரும்.

மற்றவர்களுக்கு எளிய வழிகளே முதல் மருந்து. உணர்ச்சி வந்தால் அடக்காதீர்கள். காலை ஆகாரத்தின்பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். குரக்கன், கீரை, பயறு, பப்பாசி, கொய்யா எல்லாம் நம் மண்ணில் விளைபவை. ரொட்டிக்கு அருகில் அவற்றுக்கும் இடங்கொடுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் குணமில்லையென்றால், மாதக்கணக்கில் பேதி மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டிராமல், வைத்தியரிடம் போங்கள்.

இறுதியாக, நமது சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும், மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் தனித்தனியே, சிங்களம் தெரிந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் இரண்டு வாலிபரையும் தேர்ந்தெடுப்போம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அழைத்தால் அவர்கள் துணைக்குப் போகட்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். கேட்டதைக் கேட்டபடி மொழிபெயர்ப்பதும், கேட்டதை லயத்தில் வெளியிடாமல் இருப்பதும் அவர்களின் விரதமாக இருக்கட்டும். இரண்டாவது, மலைகளிலே பெண்களுக்குக் கக்கூசும் தண்ணீரும் வேண்டுமென்று நிருவாகத்தாரிடம் நமது சங்கம் எழுத்தில் கேட்கட்டும். கோயிலுக்குக் கோபுரம் கேட்கக் கூசாத நாம், தாய்க்கு ஒரு கதவு கேட்கக் கூச வேண்டாம்.

அடுத்த ஆண்டு விழாவில் யாரேனும் இதே பொருளைப் பேச முன்வந்தால், செயலாளர் அவர்கள் உள்ள தலைப்பை உள்ளபடியே அச்சிடுவார் என்று நம்புகிறேன். என் பெரியப்பா கேட்டுச் சென்ற கேள்விக்கு அதுவே நாம் சொல்லும் பதிலாகும்.